பெயர் கிடைத்த நாள்

ஏற்காடு ஏரிக்கரையில் படகுத்துறை திறப்பதற்கு முன்பே நாய்கள் வந்துவிடும். பஜ்ஜிக் கடையில் அடுப்பைப் பற்றவைத்து எண்ணெய்ச் சட்டியை ஏற்றும்போது, எதிரே முன்னங்கால்களை நீட்டிப் படுத்துக்கொண்டு கடைக்காரரின் கையையே பார்த்துக்கொண்டிருக்கும். பனிமூட்டம் இறங்கிய காலைகளில் ஏரி தெரியாது, எதிர்க்கரை மரங்கள் தெரியாது. சாலையில் சற்றுத் தள்ளி இரண்டு காதுகள் மட்டும் தெரியும்.

முதல் வேன் வந்து நின்றதும் அவற்றின் நாள் தொடங்கிவிடும். வேனிலிருந்து இறங்கும் குழந்தை ‘டைகர்’ என்று கூப்பிடும். வால் ஆடும். பத்து மணிக்கு வருகிறவர்களுக்கு அதே நாய் ‘பப்பி’. மதியம் கல்லூரிப் பையன்களுக்கு ‘மச்சி’. லேடீஸ் சீட் பக்கம் யாராவது நடந்து போனால் கூடவே நடக்கும். முன்னால் பத்தடி ஓடிப் போய், திரும்பி நின்று, வருகிறார்களா என்று பார்க்கும். வழியில் காபித் தோட்டத்து வேலிக்குள் நுழைந்து மறைந்து, நாம் மறந்துவிட்ட நேரத்தில் அடுத்த வளைவில் காத்திருக்கும். அரை நாள் பழக்கத்தில் ஆறு வருடப் பழக்கம் போல ஆகிவிடும்.

பொழுது சாய்ந்ததும் கார்க் கதவு சாத்தப்படும். வண்டி கிளம்பும். நாய் கொஞ்ச தூரம் பின்னால் ஓடி, ஓர் இடத்தில் நின்றுவிடும். எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று அதற்குத் தெரியும், ஏனென்றால் நேற்றும் அங்கேதான் நின்றது. பகலெல்லாம் ஆறு பெயர் வாங்கிய நாய்க்கு இரவில் ஒரு பெயரும் இல்லை.

நானும் அந்தக் கதவைச் சாத்தியவன்தான். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துப் போட்டு, தலையைத் தடவிக் கொடுத்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சேலம் இறங்கியவன். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் முடியும்வரை அந்த முகம் கூடவே வந்தது. அது என்னோடு நடந்த தூரத்துக்கு நான் கொடுத்தது ஐந்து ரூபாய் பிஸ்கட்.

ஒரு நாய்க்குப் பெயர் கிடைப்பது என்றால் என்ன என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு பத்ராவின் நினைவு வரும். அவள் இந்த மலைக்காரி இல்லை. சென்னைக்காரி. ஆனால் ஏற்காட்டுச் சாலையில் காத்திருக்கும் ஒவ்வொரு நாய்க்கும் நடக்கக்கூடிய மிகக் கொடிய விஷயமும், மிக நல்ல விஷயமும் அவள் ஒருத்தியின் வாழ்க்கையில் சில வாரங்களுக்குள் நடந்து முடிந்தன.

மொட்டை மாடியிலிருந்து

2016 ஜூலை முதல் வாரத்தில் ஒரு வீடியோ தமிழ்நாட்டின் எல்லாக் கைப்பேசிகளுக்கும் வந்து சேர்ந்தது. சென்னையை ஒட்டிய குன்றத்தூரில் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடி. ஓர் இளைஞர் ஒரு குட்டி நாயைத் தூக்கிப் பிடிக்கிறார். கேமராவைப் பார்க்கிறார். பிறகு கைப்பிடிச் சுவருக்கு அப்பால் வீசுகிறார். நண்பர் அதைப் படம் பிடிக்கிறார். அந்த வீடியோவை நான் முழுதாகப் பார்த்தது ஒரே ஒரு முறை. அதன் கடைசியில் கேட்கும் கதறலுக்கு இன்னொரு முறை என்னால் காது கொடுக்க முடியவில்லை.

இருவரும் மருத்துவ மாணவர்கள் என்று தெரிந்தபோது ஊர் கொதித்தது. அவர்களைப் பற்றித் துப்புக் கொடுப்பவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக ஹியூமேன் சொசைட்டி இன்டர்நேஷனல் அமைப்பின் இந்தியப் பிரிவு அறிவித்திருந்தது. இருவரும் கைதாகி, விரைவில் ஜாமீனிலும் வெளிவந்தார்கள். எல்லோருடைய கோபமும் அவர்கள்மேல் இருந்தது. குட்டி செத்திருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அத்தனை உயரத்திலிருந்து விழுந்தால் வேறென்ன ஆகும்?

சிலர் மட்டும் குட்டியைத் தேடிப் போனார்கள். ஷ்ரவண் கிருஷ்ணன் உள்ளிட்ட சென்னையின் விலங்கு ஆர்வலர்கள் அந்தப் பகுதியில் தேடினார்கள். ஜூலை 5 அன்று அவள் கிடைத்தாள், உயிரோடு. பின்னங்கால் எலும்பு முறிந்திருந்தது. முதுகிலும் அடி. பல நாட்கள் எந்தச் சிகிச்சையும் இல்லாமல், யாருடைய கண்ணிலும் படாமல், விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே அந்த வலியோடு கிடந்திருக்கிறாள்.

கூப்பிட்டதும் வாலை ஆட்டினாள். மீட்டவர்கள் அன்று சொன்னவற்றில் என் மனதில் நிற்பது இந்த ஒன்றுதான். மனிதக் கைகள் அவளைத் தூக்கி எறிந்து அதிக நாட்கள் ஆகியிருக்கவில்லை. மறுபடியும் மனிதக் கைகள் நீண்டு வருகின்றன. அவள் வாலை ஆட்டுகிறாள்.

நாய் வாலாட்டினால் மகிழ்ச்சி என்று நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். நாய்களோடு வாழ்கிறவர்களுக்கு அது அவ்வளவு எளிதில்லை என்று தெரியும். வாலை உயர்த்தி உடம்பே ஆடும்படி ஆட்டுவது ஒன்று. தாழ்த்தி, கால்களுக்கு நடுவே கொண்டுபோய், நுனியை மட்டும் வேகமாக அசைப்பது இன்னொன்று. அது ‘என்னை ஒன்றும் செய்யாதே’ என்ற கெஞ்சல். அன்று அவள் வால் எப்படி ஆடியது என்று நான் பக்கத்தில் நின்று பார்க்கவில்லை. கெஞ்சலாகவே இருந்தாலும், ஓடி ஒளியாமல் கெஞ்சியதே பெரிய நம்பிக்கை என்று எனக்குத் தோன்றுகிறது.

அவளுக்கு பத்ரா என்று பெயர் வைத்தார்கள். வடமொழியில் மங்கலமானவள் என்று பொருள். ஆனால் நம் வீடுகளில் அந்தச் சொல்லின் இன்னொரு பிள்ளை தினமும் புழங்குகிறது. ஊருக்குக் கிளம்புகிறவர்களை வாசலில் நின்று ‘பத்திரமா போயிட்டு வா’ என்கிறோமே, அந்தப் பத்திரம். எனக்கு அவள் பெயர் அப்படித்தான் காதில் விழுகிறது. தெருவில் பிறந்து, பெயரில்லாமல் வளர்ந்து, பெயரில்லாமலே எறியப்பட்ட ஒருத்தியைக் கூப்பிடும்போதெல்லாம் ‘பத்திரம், பத்திரம்’ என்று யாரோ சொல்லிக்கொண்டிருப்பது போல.

ஒட்டும் எலும்பு, ஒட்டாத பயம்

காப்பாற்றப்பட்ட நாயைப் பற்றிய செய்தி பெரும்பாலும் காப்பாற்றிய அன்றோடு முடிந்துவிடும். ஒரு படம், கட்டுப் போட்ட கால், பின்னால் சிரிக்கும் நல்ல மனிதர்கள். அதற்குப் பிறகு வரும் வாரங்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, ஏனென்றால் அந்த வாரங்களில் ‘நிகழ்ச்சி’ என்று எதுவும் இல்லை. கட்டு மாற்றுவது, மருந்தைத் தயிர்சோற்றில் மறைத்துக் கொடுப்பது, அது மருந்தை மட்டும் துப்பிவிட்டுச் சோற்றைத் தின்பது, மறுபடியும் முயல்வது. என்னைக் கேட்டால் மீட்பு என்பது இதுதான்.

குட்டிகளின் எலும்பு வளர்கிற எலும்பு என்பதால் சீக்கிரம் ஒட்டும். வளர்ந்த நாய்க்குச் சில மாதங்கள் பிடிக்கிற முறிவு, சில மாதக் குட்டிக்குப் பெரும்பாலும் சில வாரங்களில் கூடிவிடும். சிரமம் வேறு இடத்தில். வலி கொஞ்சம் குறைந்ததும் குட்டி ஓட ஆசைப்படும். ஓடவிட்டால் கூடிய எலும்பு விலகும். அதனால் கூண்டிலோ சின்ன அறையிலோ அடைத்துவைக்க வேண்டும். ஏன் அடைத்துவைத்திருக்கிறோம் என்று அதற்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. இரவெல்லாம் அழும். பக்கத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வதைத் தவிர வேறு மருந்து இல்லை. மீட்பு வேலையில் இருப்பவர்கள் பலருக்கு இப்படிப் படுத்த இரவுகள் கணக்கில்லாமல் இருக்கும்.

எலும்பு முறிந்து வருகிறவை கொஞ்சம்தான். தெருவிலிருந்து வரும் நாய்களுக்கு வேறு பல தொல்லைகள். சொறி பிடித்து முடியெல்லாம் உதிர்ந்து, தோல் யானைத்தோல் போலத் தடித்து, அது எந்த நிறத்து நாய் என்றே சொல்ல முடியாத நிலையில் வரும். இரண்டு மாதச் சிகிச்சையில் முடி முளைத்து வந்த பிறகுதான் ‘அட, இவன் செவலையா’ என்று தெரியும். உண்ணி கடித்து வரும் காய்ச்சலில் ரத்தம் குறைந்து ஈறு வெளுத்துப் போயிருக்கும். காதிலோ கழுத்திலோ ஒரு காயம், அதில் ஈ மொய்த்துப் புழு வைத்துவிட்டால் கொஞ்ச நாளில் குழி விழும். புழுவை ஒவ்வொன்றாக எடுத்துச் சுத்தம் செய்ய மனசும் பொறுமையும் வேண்டும். பட்டினி கிடந்த நாய்க்கு முதல் நாளே வயிறு நிறையப் போடக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக, நாளைக்கு நான்கைந்து தடவை. நம் ஊரில் நாய் என்றதும் பாலைத்தான் ஊற்றுவோம். பல நாய்களுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும். இளகிய தயிர்சோறு எவ்வளவோ மேல்.

இதெல்லாம் மருத்துவர் கையில் இருக்கிறது. பயம் அப்படி இல்லை. அதை எந்த ஊசியும் எடுக்காது.

அடி வாங்கிய நாயின் முன்னால் துடைப்பத்தை எடுத்துப் பாருங்கள். நீங்கள் கூட்டத்தான் எடுத்திருப்பீர்கள். அது கட்டிலுக்கு அடியில் போய்விடும். குனிந்து செருப்பை மாட்டினால் கல்லைப் பொறுக்குவதாக நினைத்து ஒடுங்கும். தலையைத் தடவக் கையை மேலே கொண்டுபோனால் கண்ணை மூடிக்கொண்டு அடிக்காகக் காத்திருக்கும். அப்போது நமக்கு அழுகை வரும். அழுதுகொண்டே அதைக் கட்டிப்பிடிக்கத் தோன்றும். அதைத்தான் செய்யக் கூடாது. தரையில் உட்கார்ந்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கையைக் கீழே வைத்து, அதுவாக வரட்டும் என்று இருக்க வேண்டும். சில நாய்கள் ஒரு மணி நேரத்தில் வரும். சில ஒரு மாதம் எடுத்துக்கொள்ளும். தத்தெடுத்தவர்கள் நடுவே ஒரு கணக்கு புழங்குகிறது: பதற்றம் தணிய 3 நாள், வீட்டின் வழக்கம் பிடிபட 3 வாரம், இது நம் வீடு என்று தோன்ற 3 மாதம். இது ஒரு மனக்கணக்குதான், எல்லா நாய்க்கும் பொருந்தாது. ஆனாலும் இரண்டாம் நாளே ‘இது பழகவே மாட்டேங்குது’ என்று திருப்பிக் கொண்டுவிட நினைக்கிறவர்களைக் கொஞ்சம் பொறுக்கவைக்கிறது.

ஜப்பானின் அசாபு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். நாயும் அதை வளர்க்கிறவரும் ஒருவரை ஒருவர் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டிருக்கும்போது இருவர் உடம்பிலும் ஆக்ஸிடோசின் கூடுகிறது. தாய் குழந்தையைப் பார்க்கும்போது சுரக்கும் அதே சுரப்பி நீர். மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் அது நடக்கவில்லை. மனிதரோடு சேர்ந்து வாழ்ந்த ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நாய் கற்றுக்கொண்ட பார்வை அது. பஜ்ஜிக் கடைக்கு எதிரே படுத்திருக்கும் நாய் நம்மைப் பார்ப்பதும் அதே பார்வைதான்.

பத்ராவின் கால் கூடியது. சென்னையைச் சேர்ந்த ஒருவர் அவளைத் தத்தெடுத்துக்கொண்டார். நாடெங்கும் பேசப்பட்ட நாய் என்பதற்காக ஒருவர் கேட்டு வாங்கலாம். அடுத்த மாதம் செய்தி ஆறிவிடும். அப்போதும் காலையும் மாலையும் அவளைக் கூட்டிக்கொண்டு நடக்க ஒருவர் வேண்டும். அவளுக்கு அப்படி ஒருவர் கிடைத்தார். எறிந்தவர்களின் முகத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். நான் நினைவில் வைத்துக்கொள்ள விரும்புவது, படம் பிடிக்க யாரும் இல்லாத நாட்களில் அவளுக்குச் சோறு வைத்த அந்தக் கையை.

பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள விலங்கு

வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இங்கேதான் எனக்கு இன்றும் நெஞ்சு எரிகிறது. விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தது. அதன் 11ஆம் பிரிவின்படி, விலங்கை வதைத்தவருக்கு முதல் குற்றம் என்றால் குறைந்தது 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய் அபராதம். ஐம்பது ரூபாய்! அறுபதுகளில் அது ஒரு தொகை. இன்று ஏற்காட்டில் ஒரு தட்டு பஜ்ஜியும் ஒரு டீயும்.

அந்தச் சட்டத்துக்கு விதை போட்டவர் நம் கலாக்ஷேத்திராவின் ருக்மிணி தேவி அருண்டேல். 1952இல் மாநிலங்களவை நியமன உறுப்பினரானவர், விலங்கு வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி கொடுத்ததும் அதைத் திரும்பப் பெற்றார். 1962இல் இந்திய விலங்குகள் நல வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவரும் அவரே. வாரியம் பல பத்தாண்டுகள் சென்னையிலிருந்துதான் இயங்கியது. அவர் கொடுத்த சட்டத்தில் குறை இல்லை. அதில் இருந்த தொகையைக் காலத்துக்கேற்ப ஏற்றாமல் விட்டது அவருக்குப் பின் வந்த நாம்.

பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 428ஆம் பிரிவு இன்னொன்றைச் சொன்னது. பத்து ரூபாயோ அதற்கு மேலோ பெறுமானமுள்ள விலங்கைக் கொன்றால், ஊனமாக்கினால் தண்டனை. தெருவில் பிறந்த குட்டியின் பெறுமானம் எவ்வளவு? சந்தையில் யாரும் விலை கேட்காத உயிருக்கு விலை எழுதச் சொன்னால் எதை எழுதுவது? 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் அந்த ரூபாய்க் கணக்கு இல்லை. எந்த விலங்கையும் கொன்றாலோ ஊனமாக்கினாலோ ஐந்தாண்டு வரை சிறை விதிக்க அதில் இடம் இருக்கிறது.

பத்ராவின் விஷயத்தில் சட்டத்தைவிடக் கடுமையாக நடந்துகொண்டது பல்கலைக்கழகம். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் விசாரணை நடத்தி, இரு மாணவர்களும் தலா 2 லட்சம் ரூபாயை விலங்குகள் நல வாரியத்துக்குச் செலுத்த வேண்டும் என்றது. ஐம்பது ரூபாயிலிருந்து இரண்டு லட்சம். உயிரின் விலை அதுவும் இல்லை என்றாலும், யாரோ ஒருவர் அந்தக் குட்டியின் பக்கம் நின்று கணக்குப் போட்டார்கள் என்ற ஆறுதல் கிடைத்தது.

அதே 11ஆம் பிரிவில் இன்னொரு வரியும் உண்டு. மலைவாசஸ்தலங்களின் நுழைவாயிலில் அதை எழுதிவைக்கலாம். தக்க காரணமில்லாமல் ஒரு விலங்கைப் பசியிலும் தாகத்திலும் வாடும்படி கைவிட்டுப் போவதும் குற்றம். வளர்த்த நாயை மூப்பு வந்ததும் காரில் ஏற்றி, ஊரிலிருந்து தூரமாக ஓர் இடத்தில் இறக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கழுத்துப் பட்டையின் தடம் முடியில் அப்படியே இருக்கும். அந்த நாயைத் தெருவில் பார்த்த உடனே சொல்லிவிடலாம். தெருநாய் வண்டியைப் பார்த்தால் ஒதுங்கும். கைவிடப்பட்ட நாய், தன் வண்டியின் நிறத்தில் வரும் ஒவ்வொரு வண்டியையும் நோக்கி ஓடும்.

கல்லில் எழுதிய பெயர்

நாயின் பெருமை பேச வந்தால் தர்மரோடு இமயம் ஏறிய நாயைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு இந்த மலைக்கு வடகிழக்கே, திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் கிடைத்த ஒரு நடுகல்தான் நெஞ்சுக்கு நெருக்கம். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், ஏழாம் நூற்றாண்டில் வைத்த கல். கருந்தேவக்கத்தி என்ற வீரன் எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்துபோனான். அவனுக்காகக் கல் எடுத்தவர்கள் அவனோடு நிறுத்தவில்லை. அவனோடு இருந்த நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதையும் எழுதினார்கள், பெயரோடு. அந்த நாயின் பெயர் கோவிவன்.

ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக அந்தப் பெயர் கல்லில் இருக்கிறது. அன்றைக்கு அந்த ஊரில் வாழ்ந்த எத்தனையோ மனிதர்களின் பெயர் நமக்குத் தெரியாது. ஒரு நாயின் பெயர் தெரியும். உளி பிடித்தவருக்கு அந்த ஒரு வரியை விட்டுவிடுவது எளிது. கல்லில் ஒவ்வோர் எழுத்தும் உழைப்பு. விடவில்லை. நாயை நன்றிக்கு உவமை சொல்லும் ஊர் நம் ஊர். நாய்க்கு நன்றி சொன்ன ஊராகவும் ஒரு காலத்தில் இருந்திருக்கிறது.

நடந்து வந்த நாய்க்கு நன்றி சொன்ன இன்னொரு மனிதரும் நினைவுக்கு வருகிறார். 2014இல் எக்வடோர் நாட்டில் காடும் மலையும் ஆறும் கடக்கிற சாகசப் பந்தயம். ஸ்வீடன் அணியின் தலைவர் மிக்கேல் லிண்ட்நோர்ட், வழியில் முதுகில் காயத்தோடு நின்ற ஒரு தெருநாய்க்கு ஓர் இறைச்சி உருண்டையைக் கொடுத்தார். அது அவர்களை விடவில்லை. சேற்றில் கூட நடந்தது. கடைசிக் கட்டத்தில் படகு ஏறிப் போனபோது தண்ணீரில் குதித்து நீந்திப் பின்தொடர்ந்தது. அவர் அதைப் படகில் தூக்கிக்கொண்டார். ஆர்தர் என்று பெயரிட்டு, சிகிச்சை செய்து, அனுமதிகள் வாங்கி ஸ்வீடனுக்கு வீட்டுக்கே கூட்டிப் போனார். 2020 டிசம்பரில் இறக்கும்வரை ஆர்தர் அவர் குடும்பத்தோடு வாழ்ந்தது. அந்தக் கதை புத்தகமும் ஹாலிவுட் படமும் ஆனது.

ஓர் இறைச்சி உருண்டை. ஏற்காட்டு ஏரிக்கரையில் ஒரு பஜ்ஜி. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம், படகில் கை கொடுத்துத் தூக்கிக்கொண்ட அந்த ஒரு நொடிதான்.

மலையிலிருந்து யார் கூட்டிப் போவது?

பார்க்கிற நாயையெல்லாம் காரில் ஏற்றிக்கொண்டு இறங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. அது பெரிய தவறாகவும் முடியலாம். பஜ்ஜிக் கடை நாய்க்கு அந்தக் கடையே வீடாக இருக்கலாம். ‘எப்படி வந்துச்சுன்னு தெரியாதுங்க, இங்கதான் கிடக்குது’ என்று கடைக்காரர் சொன்னாலும், ராத்திரி கடை மூடும்போது அதற்கென்று ஒரு கை சோறு எடுத்துவைப்பவரும் அவராகவே இருப்பார். எஸ்டேட் குடியிருப்புகளில் வளரும் நாய்கள் காட்டெருமை வந்தால் குரைத்து எச்சரிக்கிறவை. காபியும் மிளகும் விளையும் அந்தச் சரிவுகளில் அவற்றுக்கு வேலை இருக்கிறது. முதலில் விசாரிக்க வேண்டும். காதில் சின்னதாக ஒரு வெட்டு இருந்தால் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு விட்ட நாய் என்று பொருள். 2023ஆம் ஆண்டின் விதிகளின்படி அப்படிச் செய்த நாயை, பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும்.

காயம் பட்டுக் கிடந்தால், தாயில்லாத குட்டியாக இருந்தால், கழுத்துப் பட்டைத் தடத்தோடு வண்டிகளின் பின்னால் ஓடினால், அந்த நாய்க்குத்தான் நீங்கள் தேவை. கால்நடை மருத்துவ உதவிக்குத் தமிழ்நாட்டில் 1962 என்ற எண் இருக்கிறது. சேலம் அரை நாள் தூரமில்லை, முப்பது கிலோமீட்டர். அதற்கு அப்பால் நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வழி இருக்கிறது என்று தெரிந்திருப்பதே பாதி உதவி.

நாயைக் கண்டு அஞ்சுகிறவர்களையும் மறந்து இதை எழுத எனக்கு மனமில்லை. வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது அநேகமாக இல்லை. அதனால் எந்தக் கடியையும், குட்டியின் பல் கீறலைக்கூட, அலட்சியம் செய்யக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். கடிபட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிய பெற்றோரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. தெருநாய்கள் பற்றி 2025இல் உச்ச நீதிமன்றம் அடுத்தடுத்துப் பிறப்பித்த உத்தரவுகளும், அவற்றைச் சுற்றி எழுந்த சண்டையும் அந்தக் கோபத்தையும் இந்த அன்பையும் எதிரெதிரே நிறுத்தின. தத்தெடுப்பு இரண்டு பக்கத்துக்கும் உதவுகிற வேலை. தடுப்பூசி போட்டு, கருத்தடை செய்து, ஒரு வீட்டுக்குள் போன ஒவ்வொரு நாயும் தெருவில் ஒரு பயத்தையும் ஒரு பட்டினியையும் குறைக்கிறது.

தமிழ்நாட்டில் இது புதிய எண்ணமும் இல்லை. விமானியான கேப்டன் வி. சுந்தரம், சென்னையில் மழைவெள்ளத்தில் தவித்த நாய்க்குட்டிகளைத் தூக்கி வீட்டுக்குக் கொண்டுவந்ததில் தொடங்கியதுதான் புளூ கிராஸ். ஆண்டு 1959. கொல்வதற்குப் பதில் கருத்தடை என்று அவர்கள் அறுபதுகளிலேயே செய்யத் தொடங்கினார்கள். சென்னை மாநகராட்சி அந்த வழிக்கு வர 1996 ஆயிற்று.

எடுக்க முடிவு செய்கிறவர்கள் ஒரு கணக்கைப் போட்டுவிடுங்கள். நாட்டு நாய் நல்ல சோறும் ஊசியும் கிடைத்தால் பன்னிரண்டு, பதினைந்து வருடம் இருக்கும். இன்று குட்டியைக் கேட்டு அடம்பிடிக்கிற ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கல்லூரி முடித்து வேலைக்குப் போகும்வரை. தாத்தா பாட்டி என்ன சொல்வார்கள், வாடகை வீட்டுக்காரர் ஒப்புக்கொள்வாரா, தீபாவளி இரவு அதை எந்த அறையில் வைத்துக்கொள்வோம், ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள்? மலைக்குளிரில் பனிமூட்டத்துக்கு நடுவே எடுக்கும் முடிவு, சேலத்து வெயிலிலும் சென்னைப் புழுக்கத்திலும் நிற்குமா என்று ஓர் இரவு தூங்கி எழுந்து பாருங்கள். நின்றால் எடுங்கள்.

எடுத்த பிறகு முதல் வேலை பெயர். நீளமாக வேண்டாம். இரண்டு மூன்று எழுத்து, வீட்டில் யார் பெயரோடும் குழம்பாத ஒன்று. திட்டும்போது அந்தப் பெயரைச் சொல்லாதீர்கள். சோறு வைக்கும்போது சொல்லுங்கள், தடவும்போது சொல்லுங்கள். ஹங்கேரியின் புடாபெஸ்டில் 13 நாய்களை மூளை ஸ்கேன் கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, அவற்றோடு பேசிப் பார்த்தார்கள் அட்டிலா அண்டிக்ஸ் குழுவினர். பாராட்டுச் சொல்லும் பாராட்டும் குரலும் சேர்ந்து வந்தபோதுதான் மூளையில் மகிழ்ச்சியின் இடம் விழித்தது. வெறும் சொல்லுக்கும் வெறும் கொஞ்சலுக்கும் விழிக்கவில்லை. அந்த ஆய்வு வெளிவந்தது 2016 ஆகஸ்டில், ஒரு குட்டி தன் புதுப் பெயருக்குப் பழகிக்கொண்டிருந்த அதே மழைக்காலத்தில்.

முதல் நாள் கூப்பிட்டால் திரும்பாது. இரண்டாம் நாளும் அப்படித்தான். சோற்றுத் தட்டின் சத்தத்துக்கு வரும், கதவுச் சத்தத்துக்கு ஒளியும், பெயருக்கு மட்டும் எதுவும் செய்யாது. விடாமல் சொல்லுங்கள். ஒரு நாள் அது சன்னலோரம் எதையோ பார்த்துக்கொண்டு நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும். கையில் சோறு இல்லாமல், வேறு எதற்கும் இல்லாமல், சும்மா பெயரைச் சொல்லிப் பாருங்கள். தலை அசையாது. ஒரு காது மட்டும் மெதுவாகப் பின்பக்கம் திரும்பும்.